'மோசமான போர்க்கப்பல்' லிஸ்ட் போடுற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, வணக்கம். நீங்க போடுற கப்பல் வீடியோ ஒண்ணு விடாம பாக்குறவன் நான். ஆனா பிரெஞ்சு கப்பல் வந்தா மட்டும் அஞ்சு புகைபோக்கிய ஜூம் பண்ணி "இது கப்பலா, ஃபேக்டரியா"ன்னு சிரிச்சிட்டு அடுத்ததுக்கு ஓடிடுறீங்க பாருங்க, அதான் தாங்கல.

நான் சொல்றது டாண்டன்ங்கற பிரெஞ்சு போர்க்கப்பல. ஸ்கூல்ல பிரெஞ்சுப் புரட்சி பாடத்துல கில்லட்டின்ல தலை போச்சே, அவரு பேரு தான். பழைய டிசைன்னு நீங்க சொல்றது கரெக்ட், மறுக்கல. 1906லயே பிரிட்டிஷ்காரன் ஒரே சைஸ்ல பத்து 305 மி.மீ. பீரங்கியோட டிரெட்நாட்ங்கற கப்பல இறக்கிட்டான், டாண்டன் 1911ல சேவைக்கு வரும்போது அதுல 305 நாலு, 240 பன்னெண்டு. ஆனா ஏன் அப்படி வச்சாங்கன்னு ஒரு வரி சொல்லலாம்ல? சின்ன பீரங்கி சீக்கிரம் சுடும், சண்டை கிட்டத்துல தான் நடக்கும்னு ஒரு கணக்கு. கணக்கு தப்பாப் போச்சு, ஏன்னா தூரத்துல சுடும்போது குண்டு விழுந்து எழும்புற தண்ணியப் பாத்து தான் அடுத்த குண்டத் திருத்தணும், ரெண்டு சைஸும் சேந்து விழுந்தா எது எதோடதுன்னு யாரு கண்டா?

நீராவில சுத்துற டர்பைன் இஞ்சின பத்தி வாயே திறக்கல நீங்க. பிரெஞ்சு போர்க்கப்பல்ல பார்சன்ஸ் டர்பைன் முதல்ல வந்தது டாண்டனும் அதே வகைல கட்டுன மத்த அஞ்சும் சேந்த இந்த ஆறு கப்பல்ல தான். கரிய அள்ளித் தின்னுச்சு, அது வேற விஷயம்.

அப்புறம் அந்த "ரெண்டு டார்பிடோல காலி" கமெண்ட். 1917 மார்ச் 19, இத்தாலியோட சார்டீனியா தீவுக்குத் தென்மேற்க, பிரான்ஸோட துலோன் துறைமுகத்துல இருந்து கிரீஸோட கார்ஃபு தீவுக்குப் போற வழில ஜெர்மன்காரனோட யு-64 நீர்மூழ்கி அடிச்சது. முக்கால் மணி நேரம் மிதந்துச்சுங்க, மஸ்யூ டெஸ்ட்ராயரும் கூட இருந்த ரோந்துப் படகுகளும் சேந்து 806 பேர காப்பாத்தினாங்க. இதே வகை வால்டேர் கப்பல் 1918 அக்டோபர்ல ரெண்டு டார்பிடோ வாங்கியும் மூழ்கல, அத எந்த லிஸ்ட்லயும் காணோம்!

அல்ஜீரியா-இத்தாலி கேஸ் பைப்புக்காக கடலடிய சர்வே பண்ணப்ப டாண்டன் கிடைச்சது, 2009ல நியூஸ் வந்துச்சு, ஆயிரம் மீட்டருக்கும் கீழ நிமிர்ந்த மேனிக்கு உக்காந்திருக்கு. அதோட போனவங்க 296 பேர்.

லிஸ்ட்ல வச்சுக்கங்க, பரவால்ல. அது மூழ்குற இடத்துல போடுறீங்களே அந்த சிரிப்பு சவுண்ட், அத மட்டும் எடுத்துடுங்க.