காவடி அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மொரிசியஸ் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

தைப்பூசக் கொடியேற்றம் நெருங்கும்போது கோயில் வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டுகிறீர்கள். தமிழில் ஒரு பகுதி, ஆங்கிலத்தில் ஒரு பகுதி. வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்த பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பகுதியை நம்பித்தான் விரதத்துக்கு ஆயத்தமாகிறார்கள். அங்கே ஒரு சொல் பிசகினாலும் பக்தர்தான் அலைய வேண்டியிருக்கும்.

‘பால் கொண்டு வர வேண்டாம்’ என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். செம்புக்குப் பால் கோயிலிலேயே கிடைக்கும், சுமந்து வரத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். வெளிப்பாலை உள்ளே விடமாட்டோம் என்றும் கொள்ளலாம். தமிழ் ‘வேண்டாம்’ இரண்டுக்கும் இடம் தரும், ஆங்கிலம் தராது. முதலாவதற்கு ‘நீட் நாட்’ அல்லது ‘டோண்ட் ஹாவ் டு’, இரண்டாவதற்கு ‘மஸ்ட் நாட்’. ‘மஸ்ட்’, ‘ஹாவ் டு’ இரண்டும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். எதிர்மறையில் ‘மஸ்ட் நாட்’ தடை, ‘டோண்ட் ஹாவ் டு’ வெறும் ‘தேவையில்லை’. அதனால்தான் இவ்வளவு பேர் இங்கே சறுக்குகிறார்கள். மொழிபெயர்க்குமுன் தமிழ் வரியைத் ‘தேவையில்லை’ என்றோ ‘கூடாது’ என்றோ மாற்றி எழுதிவிடுங்கள். ஆங்கிலம் தானாக நேர்ப்படும். ‘மே நாட்’ மட்டும் வேண்டவே வேண்டாம். அதைத் தடை என்றும் படிக்கலாம், ‘ஒருவேளை இல்லாமல் போகலாம்’ என்றும் படிக்கலாம்.

அடுத்தது நாள் குறிப்பது. ‘பெயரை வெள்ளி அண்டில் கொடுக்கவும்’ என்ற பாணியில் ஆங்கிலம் எழுதுவது பிழை. ஒருமுறை செய்து முடிக்கும் காரியத்துக்கு ‘பை’, அந்த நேரம் வரை நீடிக்கும் காரியத்துக்கு ‘அண்டில்’. நம்மிடம் இதற்கு நல்ல உரைகல் இருக்கிறது. தமிழில் ‘வெள்ளிக்குள்’ என்று வந்தால் ‘பை’, ‘வெள்ளி வரை’ என்று வந்தால் ‘அண்டில்’. ‘ஆறு மணி வரை நடை திறக்காது’ என்பதிலும் ‘அண்டில்’தான், ஏனென்றால் மூடியிருக்கும் நிலை அதுவரை நீடிக்கிறது. வெள்ளியும் சேர்த்தியா என்ற சந்தேகம் வராதிருக்க, ‘வெள்ளி மாலை 5 மணிக்குள்’ என்று நேரத்தையும் போடுங்கள்.

நம் தீவில் இதைவிடப் பெரிய தொல்லை பிரெஞ்சின் சாயல். அபிஷேகத்துக்கு வாருங்கள் என்று அழைக்க, ‘கலந்துகொள்’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘அசிஸ்தே’யை மனத்தில் வைத்து ‘அசிஸ்ட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது குருக்களுக்குக் கூடமாட உதவுவது. கலந்துகொள்ள அழைப்பதானால் ‘அட்டெண்ட்’. அதன்பின் ‘டு’ சேர்க்காதீர்கள், சேர்த்தால் ‘கவனித்துக்கொள்’ என்று பொருள் மாறிவிடும். அதேபோல், ‘இப்போதைய’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘ஆக்துயெல்’லை நினைத்து இப்போதைய தலைவரை ‘ஆக்சுவல் பிரசிடெண்ட்’ என்றால், பதவியில் பெயருக்கு ஒருவர் இருக்க உண்மையான தலைவர் இவர்தான் என்ற தொனி வந்துவிடும். ‘கரண்ட்’ என்றோ ‘பிரசெண்ட்’ என்றோ எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஈவென்சுவலி’. பிரெஞ்சு ‘எவாந்துயெல்மாங்’ என்றால் ‘ஒருவேளை’; ஆங்கில ‘ஈவென்சுவலி’ என்றால் ‘தாமதமானாலும் கடைசியில் நிச்சயமாக’. மழை பெய்தால் ஊர்வலம் தள்ளிப்போகலாம் என்று சொல்ல வந்து அந்தச் சொல்லைப் போட்டால், தள்ளிப்போவது உறுதி என்று ஆகிவிடுகிறது. அங்கே ‘மே’ என்ற சின்னச் சொல் போதும்.

‘அப்ஸ்டெயின்’, ‘ரிஃப்ரெயின்’ பற்றியும் ஒரு வார்த்தை: விரத நாள் முழுதும் புலாலையும் மதுவையும் விலக்குவதற்கு முன்னது, பூசை நேரத்தில் கைப்பேசியைத் தொடாதிருப்பதற்குப் பின்னது. மாற்றிப் போட்டாலும் பெரிய குற்றமில்லை.

தாளை அச்சுக்குக் கொடுக்குமுன், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பிள்ளையிடம் ஆங்கிலப் பகுதியை மட்டும் காட்டுங்கள். எதைக் கொண்டு வரலாம், எதைக் கொண்டு வரக் கூடாது, எப்போதைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.

அன்புடன்,
தமிழும் ஆங்கிலமும் கற்பிப்போர்