“குளிர்காலத் தூக்கம்தான் மேடம்” என்று சொன்னீர்கள்: நோயுற்ற ஆமைக்குஞ்சுகளை விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செல்லப்பிராணி விற்பனை நிறுவனம், சென்னை.

நாள்: பிப்ரவரி 3

பொருள்: டிசம்பர் 7 அன்று தங்கள் கிளையில் வாங்கிய ஒரு ஜோடி ஆமைக்குஞ்சுகளில் ஒன்று இறந்தது, மற்றொன்று சிகிச்சையில் இருப்பது, தங்கள் தொலைபேசிச் சேவை தந்த தவறான ஆலோசனை ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்காக உங்கள் கிளையில் ரெட் இயர்டு ஸ்லைடர் எனப்படும் செங்காது ஆமைக்குஞ்சுகள் இரண்டை வாங்கினேன். ஜோடி ரூ.900. கூடவே நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த கிண்ணம் ரூ.450, காய்ந்த இறால் டப்பா ரூ.150. மொத்தம் ரூ.1,500. ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இது எந்த வகை என்று முதலிலேயே கேட்டேன். “அமெரிக்க ஆமை அக்கா, பிரச்சினை இல்லை” என்றார் கடைத் தம்பி. குஞ்சுகள் வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, “நாலு மாசமா இங்கேதான் இருக்கு, இறால் போட்டா ஓடிவரும், நல்லா பழகிடுச்சு” என்று பெருமையாகச் சொன்னார். அந்த நாலு மாதத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் புகாரின் பாதி அதில்தான் இருக்கிறது.

என் அத்தைக்கு ஆமை வாங்கியதில் விருப்பமே இல்லை. “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க” என்று வாசலிலேயே சொன்னார். என் மகள் அதைக் காதில் வாங்கவில்லை. பச்சையாக உருண்டிருந்த பெரியதற்குப் பட்டாணி என்றும், சிறியதற்குக் கடுகு என்றும் பெயர் வைத்துவிட்டாள்.

உங்கள் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டு சொன்னதை அப்படியே செய்தோம். கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், காலையும் மாலையும் நாலு நாலு இறால், மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது. “பராமரிப்பு மிக எளிது” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். வெயில், வெப்பம், விளக்கு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 20 அன்று கடுகு கண் திறக்கவில்லை. பட்டாணியின் ஒரு கண் பாதி மூடியிருந்தது. இறாலை மூக்குக்கு நேரே நீட்டியும் இரண்டும் தலையைத் திருப்பவில்லை. மறுநாள் காலை உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். பேசிய பெண், “இது குளிர்காலத் தூக்கம்தான் மேடம், டிஸ்டர்ப் பண்ணாதீங்க, பதினஞ்சு நாள்ல தானா எழுந்துடும்” என்றார். நான் நம்பினேன். ஐந்து நாள் சும்மா இருந்தேன். 26ஆம் தேதி மறுபடி அழைத்தபோது வேறொருவர், தண்ணீரில் கல்லுப்பு போட்டு, வீட்டில் இருக்கும் கண் சொட்டுமருந்தை ஒரு சொட்டு விடச் சொன்னார். யாரும், இரண்டு முறையும், “டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லவில்லை.

28ஆம் தேதி மாலை நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கடுகு தண்ணீரில் நேராக மிதக்கவில்லை. வலப்பக்கம் தூக்கி, இடப்பக்கம் தாழ்ந்து, கவிழப்போகும் ஓடம் மாதிரி சாய்ந்து மிதந்தது. உள்ளே அமிழப் பார்த்து முடியாமல் மேலே வந்தது. மூக்கு நுனியில் ஒரு சிறு குமிழ் வந்து, உடைந்து, திரும்பவும் வந்தது. சில நேரம் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. இமைகள் இரண்டும் ஊறிய பயறு மாதிரி உப்பி ஒட்டியிருந்தன. இந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் ஒரு வாரம் காத்திருந்தோம்.

மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் முதலில் கேட்டது ஆமையைப் பற்றி அல்ல. “கிண்ணத்தை யார் கழுவுகிறார்கள், எங்கே கழுவுகிறார்கள்?” என்று கேட்டார். என் மகள்தான், சமையலறைத் தொட்டியில்தான் என்றேன். ஆமையின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், அதனால் ஆமைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சிறு குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரும் என்று விளக்கினார். இதே காரணத்துக்காகவே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்காவில் 1975 முதல் தடை இருக்கிறது. நீங்கள் எனக்கு விற்றவை அந்த அளவில் பாதிகூட இல்லை. என் மகள் பட்டாணிக்கு முத்தம் கொடுப்பாள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று உங்கள் சீட்டில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

பிறகு கடுகைச் சிறிய தராசில் வைத்தார்கள். பதினோரு கிராம். வீங்கிய கண், வைட்டமின் ஏ குறைபாடு என்றார் மருத்துவர். அந்தச் சத்து இல்லாதபோது கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உள்படலம் தடித்து அடைத்துக்கொள்ளும், இமை வீங்கி மூடிவிடும். கண் தெரியாத ஆமை இரை தேடாது. அதே படலம் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் கெடும்போது கிருமி சுலபமாக நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்து ஆமை சாய்ந்து மிதக்கும். நான் முதல்நாள் மாலை பார்த்தது அதுதான்.

இந்தக் குறைபாடு இரண்டு வாரத்தில் வராது என்பதையும் அவர் சொன்னார். முட்டையிலிருந்து வரும்போது குஞ்சின் உடலில் ஓரளவு சேமிப்பு இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காய்ந்த இறாலை மட்டுமே தின்றால் அது தீர்ந்துபோகும். எங்கள் வீட்டில் அவை இருந்தது பதிமூன்று நாள். உங்கள் கடையில் நாலு மாதம். ஆக, நோயோடு இருந்த குஞ்சுகளைத்தான் ஆரோக்கியமானவை என்று சொல்லி என் மகளின் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

குளிர்காலத் தூக்கம் என்று சொன்னதைப் பற்றியும் கேட்டேன். அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே போகும்போது இந்த ஆமைகள் குளத்தடியில் அடங்கிக் கிடக்கும். சென்னையில் மார்கழியிலும் பதினைந்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் கூடத்தில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரை விடியற்காலையில் அளந்தபோது 22 டிகிரி. அது உறங்கும் அளவுக்குக் குளிரும் இல்லை, தின்றது செரிக்கும் அளவுக்குச் சூடும் இல்லை. குஞ்சுக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரியும், ஏறி உட்காரும் இடம் 32 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டுமாம். நோயை எதிர்க்கும் சக்தியே அந்தச் சூட்டில்தான் வேலை செய்யும் என்றார். உங்கள் கிண்ணத்தில் ஹீட்டர் வைக்க இடமில்லை. அந்தத் தென்னைமரத்தடி மேட்டில் இரண்டு குஞ்சுகளும் சேர்ந்து ஏறவும் முடியாது.

கிண்ணத்தில் அழகுக்காகப் போட்டிருந்த வண்ணக் கற்கள் இன்னொரு கேடு. பட்டாணிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது வயிற்றில் துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கண் மங்கிய குஞ்சு இரை என்று நினைத்துக் கவ்வியிருக்கிறது. ஒன்பதாம் நாள் கழிவோடு அது வெளியே வந்தது. ரோஜா நிறக் கல். பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கடுகுக்கு ஊசி போட்டார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார்கள். டிசம்பர் 30 விடியற்காலையில் அது இறந்துபோனது. “நாலைந்து நாள் முன்னால் வந்திருந்தால் வாய்ப்பு இருந்தது” என்றார் மருத்துவர். அந்த நாலைந்து நாளும் உங்கள் ஆலோசனைப்படி நான் தொந்தரவு செய்யாமல் இருந்த நாட்கள். என் மகள் துளசிச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். “நான் எழுப்பியிருக்கணுமாம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பட்டாணி பிழைத்துவிட்டது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, தெர்மோஸ்டாட் ஹீட்டர், வடிகட்டி, ஏறி உட்கார ஒரு சாய்வுப் பலகை, அதற்கு மேலே ஒரு சூட்டு விளக்கும், புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கும் வாங்கினோம். ஓடு கெட்டிப்பட அந்தப் புற ஊதாக் கதிர் கட்டாயம் வேண்டும். சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடுமாம், உள்ளே விழும் வெயிலால் பயனில்லை. அதனால் அத்தை தினமும் காலையில் அகலமான டப்பில் பாதி நிழல், பாதி வெயிலாக வைத்து மொட்டைமாடிக்கு எடுத்துப் போகிறார். காக்கை கொத்திவிடும் என்று கையில் கம்போடு இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அமீனா பழமொழியைச் சொன்ன அதே அத்தைதான். ஜனவரி 9 அன்று மாடியிலிருந்து அவர்தான் கூப்பிட்டார், “கண்ணு தொறந்துடுச்சு, வந்து பாருங்க” என்று. இடது கண். மஞ்சள் விழியில் ஒரு கறுப்புக் கோடு. வலது கண் திறக்க இன்னும் ஆறு நாள் ஆனது.

இப்போது ஆமைக்கென்று தயாரித்த குருணைத் தீவனம், பொடியாக நறுக்கிய மீன், துருவிய கேரட், முருங்கைக்கீரை தருகிறோம். பசலையைக் குறைக்கச் சொன்னார்கள், அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாதாம். மெட்ரோ வாட்டரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே ஊற்றுகிறோம். வைட்டமின் ஏ மருந்தை நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டபோது மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடுமாம். அதைக் கேட்டபோது, கல்லுப்பும் சொட்டுமருந்தும் போடச் சொன்ன உங்கள் ஊழியரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள். “தொட்டி அளவுக்குத்தான் வளரும்” என்றார் கடைத் தம்பி. அது பொய். பெண் ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, 25 சென்டிமீட்டருக்கு மேலேயும் வளரும், முப்பது ஆண்டு வாழும். சின்னத் தொட்டியில் வளராமல் போனால் அது உடம்பு கெட்டதன் அடையாளம். “பெரிசானா ஏரியில விட்டுடுங்க” என்றும் சொன்னார். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் ஆமை இது. இதை அம்பத்தூர் ஏரியில் விட்டால் அங்கே இருக்கும் நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இதை விற்கிறவர்களே இப்படிச் சொல்லக் கூடாது.

நான் கேட்பது இவைதான். குஞ்சுகளுக்கும் கிண்ணத்துக்கும் தீவனத்துக்கும் கொடுத்த ரூ.1,500, மருத்துவச் செலவு ரூ.3,850 இரண்டையும் திருப்பித் தர வேண்டும். தொட்டிக்கும் விளக்குக்கும் ஆன செலவைக் கேட்கவில்லை. அது எப்படியும் பட்டாணிக்குத் தேவைதான், வாங்கும்போதே சொல்லியிருந்தால் அப்போதே வாங்கியிருப்பேன், அல்லது ஆமையே வேண்டாம் என்று வந்திருப்பேன்.

பணத்தைவிட அவசரமான ஒன்று உண்டு. அதே தொகுதியில் வந்த குஞ்சுகளை வாங்கியவர்களின் எண்கள் உங்கள் பில் கணினியில் இருக்கின்றன. அவர்களை இந்த வாரமே அழையுங்கள். கண் மூடிக் கிடந்தாலோ, சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ, ஓடு மெத்தென்று அமுங்கினாலோ, கண்ணுக்குப் பின்னால் காதுப் பக்கம் புடைத்திருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கடையில் மீதி இருக்கும் குஞ்சுகளையும் மருத்துவர் பார்க்கட்டும். துண்டுச் சீட்டை மாற்றுங்கள். தொலைபேசியில் பேசுகிறவர்கள் மருந்து சொல்வதை நிறுத்துங்கள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்க வேண்டாம். அவர் கையில் கொடுத்த பதில் தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தாளை எழுதியவர் பதில் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, இரண்டு அழைப்புகளின் நேரம் தெரியும் படம், மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

தென்னைமரக் கிண்ணத்தைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை கிளைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். அதை இன்னொரு குஞ்சோடு சேர்த்து யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பத்தூர்.