மழையைச் செதுக்கியவர் பெயர் எங்கே?

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

1857-ல் வெளிவந்த, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேவின் ஓஹாஷி பாலத்து மழை ஓவியம் உங்களுக்குத் தெரியாததல்ல. திடீரென்று பிடித்துக்கொண்ட மழையில், குடையிலும் பாயிலும் தலையை மறைத்துக்கொண்டு ஆட்கள் பாலத்தைக் கடக்கிறார்கள். கீழே ஆற்றில் ஒருவர் தனியாகத் தெப்பம் தள்ளுகிறார். ஊசி ஊசியாக இறங்கும் அந்த மழை தூரிகையால் இழுத்ததல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறம் மரத்தைச் சீவி எடுத்து, மயிரிழை அளவுக்குக் கோட்டை மட்டும் மேடாக நிற்கவிட்டிருக்கிறார் ஒரு செதுக்குநர். அவரைப் பற்றி உங்கள் குறிப்பு அட்டைகளில் பெரும்பாலும் ஒரு சொல்கூட இருப்பதில்லை.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து தருவார். அதைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டிச் செதுக்குவார்கள். செதுக்கி முடிக்கும்போது அந்தத் தாளே அழிந்துவிடும். ஆக, நீங்கள் சுவரில் மாட்டியிருப்பது ஓவியரின் கை இழுத்த கோடு அல்ல, செதுக்கியவரின் கத்தி விட்டுவைத்த கோடு. அப்புறம் நிறத்துக்கு நிறம் தனிக் கட்டை. படத்தின் உச்சியில் கறுத்து நிற்கும் மேகமோ அச்சிட்டவரின் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் கட்டையில் மையைப் புதிதாகத் தடவி, கீழே வரவர மங்கும்படி கையால் இழைத்திருக்கிறார். இதை ‘பொகாஷி’ என்பார்கள். ஒரே ஓவியத்தின் இரண்டு பிரதிகளில் மேகம் ஒன்றுபோல் இல்லாதது இதனால்தான்.

ஹிரோஷிகேவின் ஷோனோ என்ற ஊரின் மழை ஓவியத்தையும் பாருங்கள். தொக்கைடோ என்ற பழைய நெடுஞ்சாலையின் ஊர்களை அவர் வரைந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மூங்கில்கள் காற்றில் சாய, பல்லக்குத் தூக்கிகள் மூச்சு வாங்க மேடேறுகிறார்கள். எதிரே இறங்கி ஓடுபவரின் குடையில், முதல் பதிப்புகளில், பதிப்பாளர் தகெனோஉச்சியின் பெயர் இருக்கிறது. பணம் போட்டவருக்குக் குடையிலேயே இடம் கிடைத்தது. அந்த மூங்கில் நிழல்களை அடுக்கடுக்காக அச்சிட்டவருக்கு உங்கள் அட்டையிலாவது இடம் கொடுக்கலாம் அல்லவா?

இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய், ஃபூஜி மலையை ஒரு பீப்பாய்க்காரர் செய்யும் தொட்டியின் வட்டத்துக்குள் வைத்துக் காட்டினார். அந்தப் பெரிய தொட்டிக்குள் குனிந்து பீப்பாய்க்காரர் மரம் இழைக்கிறார். மலை தூரத்தில் சின்னதாகத் தெரிகிறது. கைத்தொழிலாளிக்கு அவ்வளவு இடம் தந்த கலை இது. அதைச் செய்த தொழிலாளிகளை விட்டுவிடுவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பெயர் தெரிந்தால் எழுதுங்கள். சில அச்சுகளில் செதுக்கியவரின் முத்திரையே இருக்கிறது. தெரியாவிட்டால் ‘செதுக்கியவர், அச்சிட்டவர்: பெயர் தெரியவில்லை’ என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள். பழைய கட்டை ஏதாவது கிடங்கில் இருந்தால் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மரத்தில் கோடு எவ்வளவு மெல்லியதாக நிற்கிறது என்று பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
இந்த ஓவியங்களை நேசிக்கும் ஒருவர்