உட்கருவைத் துறந்த செல்கள்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்களின் சிறப்பாக்கத்தை, அதாவது அவை தத்தம் பணிக்கேற்ப மாறுவதை, நடத்தப் போவதாகவும், அமைப்பு ஒரு பக்கம் பணி ஒரு பக்கம் என்று அட்டவணை எழுதிப்போடுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னாய். அந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லும் எதைப் பெற்றிருக்கிறது என்று தொடங்காதே. எதை இழந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தொடங்கு.

இரத்தச் சிவப்பணுவையே முதலில் எடுத்துக்கொள். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் செல்லின் கட்டளை மையமான உட்கரு உண்டு. முதிர்ச்சி அடையும் தறுவாயில் அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பின்னர், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. அவ்வாறு கிடைத்த இடத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிறைந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், தான் சுமந்து செல்லும் ஆக்சிஜனில் ஒரு துளியையும் அது தனக்கென்று செலவிடுவதில்லை. ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் குளுக்கோஸைச் சிதைத்தே தன் ஆற்றலைப் பெறுகிறது. ஏழெட்டு மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள அந்த இருபுறமும் குழிந்த தட்டு, தன்னைவிடக் குறுகிய நுண் இரத்தக்குழாயான தந்துகிக்குள்ளும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். ஆனால் உட்கரு இல்லாத செல்லால் தேய்ந்ததைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. ஏறக்குறைய 120 நாட்களில் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. கோழியின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கிறது என்பதையும் சொல். யாராவது ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால், அன்றைய வகுப்பு நன்றாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நரம்பு செல்லையும் தசை செல்லையும் பாடநூலே தெளிவாக விளக்கிவிடுகிறது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை ஒரு மீட்டர் அளவுக்கு நீளும் இழை ஒரே செல்லினுடையது என்பதை மட்டும் விட்டுவிடாதே.

தாவரத்துக்கு வந்தால் இழப்பு இன்னும் பெரிது. சைலக்குழாய்ச் செல், சுவரை லிக்னின் என்னும் கடினப் பொருளால் தடிப்பாக்கிக்கொண்டு, உள்ளிருந்த அனைத்தையும் கரைத்துவிட்டு இறந்துபோகிறது. இறந்த பிறகுதான் அது நீர் செல்லும் குழாயாகிறது. நம் வயலில் சேற்றுக்குள் நிற்கும் நெல்லின் வேரிலும் தோலுக்கு உட்புறமுள்ள புறணிச் செல்கள் பல மடிந்து காற்றறைகளாகின்றன. மேலிருந்து வரும் ஆக்சிஜன் அவற்றின் வழியாகத்தான் வேர்நுனியை எட்டுகிறது.

செய்முறைக்கு ரியோ செடியின் இலையே போதும். அடிப்புறத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஊதா நிறச் செல்களுக்கு நடுவே, இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்கள் மட்டும் பச்சையாகத் தெரியும். பொட்டாசியம் அயனிகள் காப்பு செல்களுக்குள் வர, அவற்றைத் தொடர்ந்து நீரும் வர, துளையை ஒட்டிய சுவர் தடித்தும் வெளிச்சுவர் மெலிந்தும் இருப்பதால், உப்பும்போது அவை வில்போல் வளைந்து துளை திறக்கிறது. பிறகு ஒரு சொட்டு உப்புக் கரைசலை விட்டு, துளை மூடுவதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். அதற்கு அவசரப்படாமல் நேரம் கொடு.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தாவரத்தில் உணவைக் கடத்தும் திசுவான புளோயத்தில் உள்ள சல்லடைக்குழாய்ச் செல்லும் சிவப்பணுவைப் போலவே உட்கருவை இழந்ததுதான். இலையில் உண்டான சர்க்கரை தடையின்றிச் செல்ல வழிவிட்டு நிற்கிறது. ஆயினும் அது 120 நாட்களில் மடிவதில்லை. தாய்ச்செல் ஒன்று பிரிந்து இரண்டானபோது உடன் பிறந்த துணைசெல் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு உட்கரு உண்டு. நடுவே உள்ள நுண்ணிய இணைப்புகள் வழியாகப் புரதங்களை அனுப்பி, உட்கரு இல்லாத தன் உடன்பிறப்பை உயிரோடு வைத்திருக்கிறது. தென்னையின் தண்டில் ஆண்டுதோறும் புதிய புளோயத்தை உண்டாக்கும் கேம்பியம் என்னும் செல் அடுக்கு கிடையாது. ஆகவே, நீ பிறந்த ஆண்டில் அம்மா நட்ட கொல்லைத் தென்னையின் அடிமரத்தில், உன் சிறுவயதில் உருவான சல்லடைக்குழாய்கள்தாம் இன்றும் சர்க்கரையைக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா