நெஞ்செலும்புக்கு விசில் கணக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மாட்டு நெஞ்செலும்புக் குழம்பு வந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனையோ வருஷமாக அந்த இணைப்பைப் படிக்கிறேன், கோழி, ஆடு, மீன் தாண்டி எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறி ஒருநாளும் அதில் வந்ததில்லை. ஆனால் கடைசியில் "குக்கரில் ஆறு விசில் விட்டு இறக்கவும்" என்று முடித்துவிட்டீர்கள். அதை அப்படியே நம்பி, கல்யாணமாகி இப்போதுதான் தனிக்குடித்தனம் போன என் தங்கை மகள் ஒன்றரைக் கிலோ வாங்கிச் சமைத்திருக்கிறாள். மேல்கறி நார்நாராகப் போய், எலும்போடு ஒட்டிய சவ்வு மட்டும் ரப்பர் மாதிரி நின்றுவிட்டது. போனில் அழாத குறை.

நம் ஊர் மாட்டுக்கறி இளங்கறி கிடையாது. தமிழ்நாட்டின் 1958ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயசு தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் பொதுவாக அறுக்க முடியும். அத்தனை வருஷம் நடந்து உழைத்த உடம்பில் சவ்வும் நாரும் கெட்டிப்பட்டிருக்கும், அதிலும் நெஞ்சுப் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும், கரைந்தால்தான் குழம்பு உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வரும். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கும், கறி இறுகிச் சாறைக் கக்கிவிடும். விசிலோ அடுப்புக்கு அடுப்பு, ஊற்றுகிற தண்ணீருக்குத் தகுந்த மாதிரி மாறும், ஆறு விசில் ஒரு வீட்டில் பத்து நிமிஷம், இன்னொரு வீட்டில் இருபது நிமிஷம்.

எங்கம்மா பொள்ளாச்சியில் தென்னை மட்டை எரித்து, தீ அடங்கிய பிறகு தணலில்தான் போசியை, அதாவது குழம்புப் பாத்திரத்தை, வைப்பார். இப்போது நான் கேஸில் செய்கிறேன். எலும்புப் பக்கத்தில் தோல் மாதிரி மூடியிருக்கிற சவ்வை மட்டும் ஓரத்தில் கத்தியால் கிளப்பி, துணியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். உப்பும் ஈரோட்டு மஞ்சளும் தடவி ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் கடலை எண்ணெயில் துண்டுகளை நாலு பக்கமும் சிவக்க விட வேண்டும், இதில் மட்டும் அவசரப்படவே கூடாது, வாசமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. அப்புறம் அதே போசியில் சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு, இஞ்சி, வறுத்து அரைத்த வரமல்லி, வரமிளகாய், மிளகு. தண்ணீர் கறியில் பாதி உயரத்துக்குப் போதும். அடுப்பில் பழைய தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் போசியை ஏற்றி, சிம்மில் வைத்து, மூடிக்கு மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் சரி. அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் வற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று, மூன்றரை மணி நேரம் கழித்து எலும்பை இரண்டு விரலால் திருகினால் கறியிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும், அதுதான் பதம். தேங்காய் அரைத்து ஊற்றுவது அதற்குப் பிறகுதான், முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

இடியாப்பம் மாதிரி இருக்கிற எங்கள் ஊர்ச் சந்தகைக்கு இந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆட்டுக்கறி விலைக்கு எட்டாத எத்தனையோ வீடுகளில் வாரம் ஒருநாள் வருகிற கறி இதுதான், அது வீணாகப் போனால் அடுத்த ஞாயிறு வரைக்கும் கிடையாது. தயவுசெய்து அந்த விசில் வரியைத் திருத்திப் போடுங்கள். நேரத்தைத் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள், காலை எட்டு மணிக்கே அடுப்பில் ஏற்றினால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று தெரிந்து ஆரம்பிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்