கேள்விகளைத் திருப்பிக் கொடுத்தவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

எழுதிக்கொண்டிருந்த நூலின் தாள்கள் இருந்த என் பை கிடைக்கவில்லை. இனி கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாயிற்று. நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். ரயிலில் பையை விட்டுவிட்டு இறங்கியது நான்தான், வேறு யார் மேலும் குற்றமில்லை.

தினமும் போன் போட்டு விசாரித்த மருமகன், தங்களிடம் இருந்த படங்களைத் தேடி அனுப்பிய தோழிகள், "போனா போகட்டும் டீச்சர், உடம்பைப் பாத்துக்கோங்க" என்ற பழைய மாணவர்கள், எல்லாருக்கும் பெரிய கும்பிடு. ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவரோடு எனக்கு அரைமணி நேரப் பழக்கம்தான். இங்கிலாந்தின் கிரான்தம் ஊரில், செயின்ட் வுல்ஃப்ரம் தேவாலயத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் பெரியவர். என் நூல் கிங்ஸ் பள்ளியைப் பற்றியது, ஐசக் நியூட்டன் படித்த பள்ளி. அதன் பழைய வகுப்பறை தேவாலயத்துக்குப் பக்கத்தில்தான். தேவாலய வாசலுக்கு மேலே, குறுகலான கல்படி ஏறிப் போனால், 1598-ல் ஃபிரான்சிஸ் டிரிக் என்ற பாதிரியார் ஏற்படுத்திய நூலகம். புத்தகங்களுக்குச் சங்கிலி! அவரைக் கேள்வியால் துளைத்தெடுத்தேன்.

பையை அங்கே வைத்துவிட்டேனோ என்று கேட்கப் போன் செய்தபோது அவர்தான் எடுத்தார். இல்லை என்றார், மகள் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் தபாலில் கனத்த உறை. உள்ளே நான்கு தாள், நடுங்கும் கையெழுத்து. அன்று நான் கேட்ட கேள்விகள், ஒன்பதும், வரிசையாக. பள்ளி 1329-லேயே இருந்ததென்றால் 1528-ல் மானியம் தந்த பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸின் பெயர் ஏன் முன்னால் நிற்கிறது? சங்கிலிப் புத்தகத்தைப் பையன்கள் தொட விட்டார்களா? ஜன்னல் கல்லில் பெயர் செதுக்கியதற்கு நியூட்டன் அடி வாங்கினானா? ஒவ்வொன்றின் கீழும் எழுத இடம் விட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "விடைகள் புத்தகத்தில் இருக்கும், இவை இருக்காது."

உறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வருஷமும் பெயரும் எந்த நூலகத்திலும் மறுபடி கிடைக்கும். அந்தக் கல்படியில் நின்றபோது தோன்றியது எங்கே கிடைக்கும்?

அந்தப் பள்ளியின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் நியூட்டன் இல்லை, அவருடைய தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ். பண்ணையைப் பார்க்கட்டும் என்று அம்மா பையனைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார். ஸ்டோக்ஸ் அந்த அம்மாவிடம் போய்ப் பேசினார். வெளியூர்ப் பையன்கள் கட்ட வேண்டிய 40 ஷில்லிங் வேண்டாம், பையனை அனுப்புங்கள் என்றார். பையன் திரும்பி வந்து, 1661-ல் கேம்பிரிட்ஜ் போனான். கிளம்பும் நாளில் வகுப்பு முன்னால் அவனை நிறுத்திப் பாராட்டிய ஸ்டோக்ஸ், தானும் கண்கலங்கினாராம். நியூட்டனின் நண்பர் வில்லியம் ஸ்டக்லி பின்னாளில் எழுதிவைத்த தகவல் இது.

நானும் முப்பத்தோரு வருஷம் வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் சொன்ன விடைகளுக்கு மார்க் போட்டேன். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றையாவது எழுதிவைத்தேனா? ஞாபகம் இல்லை. சரி, இப்போது அதைச் சொல்லி என்ன.

நூலை மறுபடி எழுதுகிறேன். இனி அத்தியாயங்கள் அந்த நான்கு தாளின் வரிசையில்தான் போகும். முதல் பிரதி அவருக்கு. தமிழ் தெரியாதவர், ஆனாலும் கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்துவிடுவார். அடி வாங்கினானா என்பதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கோடுகள் காலியாகவே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் டீச்சர்