310-ஐப் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் அவனுக்கு அதிகமா? 125 சிசி வண்டியை ஒழுங்காக ஓட்டிப் பழகிய பையனுக்கு அது அதிகமில்லை. ஆனால் உனக்குக் காட்டியிருக்கிற அந்த 2018 வண்டி வேண்டாம். கொஞ்சம் கூடப் போட்டாலும் பரவாயில்லை, 2020-இல் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) ஆன பிறகு வந்ததைப் பார்.

முதலில் உன் பயத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 18 வயதில் கியர் வண்டி லைசென்ஸ் வாங்கியவன் மறுநாளே 1000 சிசி-யில் ஏறலாம், சட்டம் தடுக்காது. ஐரோப்பாவில் படிப்படியாகத்தான் விடுவார்கள். அங்கே ஏ2 என்கிற நடுப்படி லைசென்ஸ்காரர்களுக்கு 35 கிலோவாட் உச்சவரம்பு. எடைக் கணக்கில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. 2020 மாடல் 310-இன் திறன் 34 பிஎஸ் (குதிரைத்திறன்), அதாவது 25 கிலோவாட். எடை 174 கிலோ. வகுத்தால் 0.14. உன் மகன் கண் வைத்திருக்கிற கேடிஎம் ஆர்சி 390-உம் அந்த வரம்புக்குள்தான் வரும், ஆனால் விளிம்பை ஒட்டி. அதன் டார்க் (இழுவிசை) 37 நியூட்டன் மீட்டர், இதற்கு 27.3. பழகாத கை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடத் திருகிவிட்டால் இந்தப் பத்தின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். காசுக் கணக்கிலும் 350 சிசி ஒரு கோடு. 2022 அறிவிப்புப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 150–350 சிசி-க்கு 1,366 ரூபாய், அதற்கு மேலே 2,804. புது வண்டி என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 350 வரை 18 சதவீதம், தாண்டினால் 40.

இனி ஏன் 2018 வேண்டாம் என்பது. ஓசூரில் தயாராகிற இந்த 312.2 சிசி எஞ்சின் பிஎம்டபிள்யூ ஜி310-இலும் இருப்பதுதான். சிலிண்டர் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னால் நுழையும், புகை பின்னால் நேராக வெளியேறும். எஞ்சின் எடை முன்சக்கரத்துக்கு நெருக்கமாக வருவதால் வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களின் இடைத்தூரம்) 1,365 மி.மீ. என்று குறுகியிருந்தும் ஸ்விங்ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையை) நீளமாக வைக்க முடிந்தது. வளைவில் வண்டி பதறாமல் படிவதற்கு அது ஒரு காரணம். வடிவமைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017 டிசம்பரில் அறிமுகமானபோது ஹேண்டிலிலும் கால் வைக்கிற பெக்கிலும் அதிர்வு அதிகம். ஒற்றை சிலிண்டர், 80 மி.மீ. சிலிண்டர் விட்டம், எஞ்சின் சுற்று ஏற ஏறக் கை மரத்துப்போகும். ஸ்லிப்பர் கிளட்சும் அப்போது கிடையாது, 2019-இல்தான் சேர்த்தார்கள். அது இல்லாத வண்டியில் நாலாம் கியரிலிருந்து பதறி இரண்டுக்குத் தட்டிக் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் துள்ளும். அனுபவசாலி கிளட்சை மெல்ல விட்டுச் சமாளிப்பான். புதியவன் துள்ளும்போது முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பான்.

2020 மாடலில் மூன்று முக்கியமான மாற்றங்கள். ஒன்று, டயர்: பைலட் ஸ்ட்ரீட் போய் மிஷ்லின் ரோட் 5. ஈரச் சாலையில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டு, எஞ்சின் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிற நான்கு மோடுகள். அர்பனிலும் ரெயினிலும் எஞ்சின் 25.8 பிஎஸ் மட்டுமே தரும், அதுவும் நிமிடத்துக்கு 7,600 சுற்றிலேயே முடிந்துவிடும். ஸ்போர்ட்டிலும் டிராக்கிலும்தான் முழு 34, 9,700 சுற்றில். முதல் ஆறு மாதம் அர்பனை விட்டு வெளியே வரக் கூடாது என்று அவனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள். டிராக் மோடில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காப்பது) தலையீடு குறைவு, அது பந்தய மைதானத்துக்கானது, ரோட்டில் தேவையே இல்லை. மூன்றாவது, நெரிசலில் ஆக்ஸிலரேட்டர் தொடாமல் கீழ்க் கியர்களில் வண்டி தானாக ஊர்ந்து போகிற வசதி. விளம்பரத்தில் சாதாரணமாகத் தெரியும். ஆனால் புதியவன் வண்டியைக் கீழே போடுவது 120-இல் அல்ல, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் யூ-டர்ன் போடும்போதுதான்.

இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் பழக வேண்டிய கஷ்டம் கீழே இருக்கிறது, மேலே இல்லை. தாழ்வாகப் பொருத்திய கிளிப்-ஆன் ஹேண்டில் முழுசாகத் திரும்பாது, டேங்க் தடுக்கும். சீட் உயரம் 810 மி.மீ.; உன் மகன் ஐந்தரை அடிக்குள் என்றால் ஒரு பக்கம் கால் நுனிதான் தரையில் படும். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே உள்பக்கம் சாயும், 174 கிலோவை ஒற்றைக் காலில் தாங்க முடியாது. மெதுவான திருப்பத்தில் விரல் முன் பிரேக்கிலிருந்து முழுசாக விலகியிருக்க வேண்டும். கிளட்ச் பாதிப் பிடியில், சுற்று 2,500 பக்கம், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், தலை போகப்போகிற திசையில். காலி மைதானத்தில் இரண்டு செங்கல்லை 6 மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டுப் போடச் சொல். பழகிய பிறகு இடைவெளியைக் குறைக்கட்டும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது: விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் வருகிற தடதடப்பு சில நொடிகளில் அடங்கினால் சரி. அடங்காமல் ஒரு பக்கமிருந்து கிலுகிலுத்துக்கொண்டே இருந்தால் எஞ்சினுக்குள் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைச் சந்தேகப்படு. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலமோ காப்பி நிறக் கசடோ தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்பு) போயிருக்கிறது. பேரம் பேசவே வேண்டாம். ஐட்லிங்கில் விட்டு ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்வரை காத்திரு. முன்சக்கரம் எறிகிற கல் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை நசுக்கும். கால்வாசிக்கு மேல் நசுங்கியிருந்தால் நம் சித்திரை வெயில் டிராஃபிக்கில் சூடேறும்.

விழுந்த வண்டியா என்பதை ஃபேரிங்கில் (பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடி) தேடாதே, அதைத்தான் முதலில் மாற்றியிருப்பார்கள். ஹேண்டில் முனை, லீவர் நுனி, பெக் நுனி, எஞ்சின் கவரின் அடி விளிம்பு, இவற்றில் தேய்மானம் பார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பு. வண்டியின் கழுத்தில் முட்டி நிற்கிற இரும்புத் தடுப்பு பள்ளமாகவோ வெல்டு செய்ததாகவோ இருந்தால் பலத்த அடி. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை நடுவில் அசைத்துப் பார். நேர்கோட்டில் 'கட்' என்று ஒரு பிடிப்பு உணர்ந்தால் ஸ்டீரிங் பேரிங் போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், கொஞ்சம் உருண்டதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் பிரச்சினைதான், யாரோ மறைத்திருக்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2320 என்றால் 2020-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் ஆனதை, பட்டன் (டயர் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள். அளவு முன்னால் 110/70 ஆர்17, பின்னால் 150/60 ஆர்17. பின்னால் 160 போட்டிருந்தால் அழகுக்குப் போட்டது, வளைவில் வண்டி தயங்கும்.

2021-க்குப் பிறகு கம்பெனியே ஆர்டர்படி மாற்றித் தந்த வண்டிகள் உண்டு. டைனமிக் கிட் உள்ளது கிடைத்தால் நல்லது. முன்னும் பின்னும் முழுசாக அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன், துருப் பிடிக்காத பித்தளைப் பூச்சுச் செயின். ரேஸ் கிட் உள்ளதைத் தள்ளு. ஹேண்டில் தாழ்ந்து பெக் உயர்ந்திருக்கும், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். 2024 மாடல் 38 பிஎஸ், சிலவற்றில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றுகிற க்விக்‌ஷிஃப்டர். நல்ல வண்டிதான், ஆனால் கிளட்ச் பழக வேண்டிய வயதில் க்விக்‌ஷிஃப்டர் எதற்கு?

பேப்பர் விஷயம் உனக்குத் தெரியும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. கடன் இருந்தால் 35. வேறு மாநில வண்டி என்றால் 28-உம் (தடையில்லாச் சான்று) வேண்டும். சலான் பாக்கியைப் பார்த்துவிடு. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மகன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடு. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வாங்கியதும் முதல் வேலை பின்பக்க மோனோஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர்). அவன் எடைக்கு அதைச் சரி செய்யாமல் மலைப் பக்கம் விடாதே. மூன்று பேர் வேண்டும். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளிக்கு அள. பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு அவன் பெக்கில் கால் வைத்து உட்காரட்டும், ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ளட்டும், அதே புள்ளியை மறுபடி அள. வித்தியாசம் 30 முதல் 35 மி.மீ. வர வேண்டும். கூட இறங்கினால் சி-ஸ்பேனரால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்று, குறைந்தால் இறக்கு. ஒல்லிப் பையன் என்றாய், அநேகமாக இறக்க வேண்டியிருக்கும்.

செயின் எல்லா வண்டியிலும் சொல்கிற கதைதான், ஆனால் இந்த ஒற்றை சிலிண்டர் கீழ்ச் சுற்றில் செயினை உதறும். 3,000-க்குக் கீழே ஐந்தாம் ஆறாம் கியரில் இழுக்கவே கூடாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து, ஓட்டி வந்த சூட்டோடு 90 கிரேடு கியர் ஆயில் உள்வரிசையில் போடட்டும். பெட்ரோல் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றி கியரில் ஓடவிட்டுத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. தொய்வு எவ்வளவு என்று ஸ்விங்ஆர்மில் ஸ்டிக்கர் இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளக்கட்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (பல் சக்கரம்) கடைசியில் செயினை விரலால் வெளியே இழுத்துப் பார். பாதிப் பல் தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்று.

ஆயிலில் ஒன்றே ஒன்று: டப்பாவில் ஜாஸோ எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற சேர்மானம் இருக்கும். இதில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. முந்தையவர் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்.

பிரேக் பழக்கம் தனியாகச் செய்ய வேண்டியது. நல்ல சாலையில் 60-இல் முழுப் பிரேக் போட்டால் நிற்க சுமார் 18 மீட்டர், 100-இல் 49. யோசிக்கிற ஒரு நொடியில் 100-இல் 28 மீட்டர் ஓடியிருக்கும், அதையும் கூட்டு. 40-இலிருந்து தொடங்கட்டும்: லீவரை முதலில் லேசாக, முன்பக்கம் அமிழ்ந்ததும் முழு பலத்தோடு. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலில் படபடக்கும், பயந்து விட்டுவிடக் கூடாது. இதை ஒருமுறை கையால் உணராதவன் அவசரத்தில் கட்டாயம் விடுவான்.

ஏற்காட்டுக்கு எப்போது விடலாம் என்று கேட்டிருந்தாய். எட்டும் பிரேக்கும் சரியாக வந்த பிறகு, வார நாளில், காலையில். அந்த 20 கொண்டை ஊசியில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடம். வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியரில் நுழையட்டும். முழங்கால் டேங்கைக் கவ்வியிருக்க வேண்டும், கை தளர்வாக. இறக்கத்தில் உடம்பின் பாரம் கைக்குப் போனால் ஹேண்டில் திரும்பாது, பையன் வண்டியே திரும்பவில்லை என்பான். கொல்லிமலையின் 70 வளைவை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பெரிய சைலன்சர் கேட்பான். அந்தக் காசில் இ.சி.இ. 22.06 என்கிற ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரை உள்ள ஹெல்மெட், தோள் முழங்கைக் காப்புள்ள ஜாக்கெட், கையுறை வாங்கிக் கொடு. மிச்சம் இருந்தால் ஒரு ஜோடி லீவர் வாங்கி வீட்டில் வை, எப்படியும் ஒருநாள் நிற்கிற இடத்தில் சாய்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறாய் என்றால் டார்ச், டயர் கேஜ், அளவு டேப் மூன்றையும் எடுத்துக்கொள். டயர் எண், கழுத்துத் தடுப்பு, எஞ்சின் அடிப்பக்கம், செயின் நான்கையும் படம் எடுத்து அன்று மாலையே அனுப்பு. பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசுவோம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்